இலை ஏன் சிறுத்துக்கிட்டே போகுது? ஃபிலோடென்ட்ரான் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஃபிலோடென்ட்ரான் கொடி பத்திதான். மத்த செடிக்காரங்க கோச்சுக்காதீங்க, உங்களுதெல்லாம் பத்திரமா இருக்கு, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கே: ரெண்டு வருஷமா ஹார்ட்லீஃப் ஃபிலோடென்ட்ரான் வச்சிருக்கேன். அலமாரி மேல இருந்து தொங்குது. நீளமா வருது, ஆனா புது இலை எல்லாம் முந்தினதை விட சின்னதா இருக்கு, ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவுல ஒரு சாண் வெறும் தண்டு. உரம் மாத்தி மாத்தி போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் நடக்கல.

ப: உரத்தை முதல்ல நிறுத்துங்க. உங்க செடி பசியில இல்ல, மரம் தேடி அலையுது. ஃபிலோடென்ட்ரான்ங்கிற பேருக்கே கிரேக்கத்துல மரத்து மேல பிரியம் வச்சதுனுதான் அர்த்தம். அமெரிக்க கண்டத்து மழைக்காட்டுல இந்தக் கொடி வகையெல்லாம் மரத்தைப் பிடிச்சு ஏறி வளர்றது, ஏற ஏற தண்டு தடிக்கும் இலையும் பெருசாகும், நம்ம கையளவுல பாக்கற இதே ஹார்ட்லீஃப் அங்க மரத்து மேல நம்பவே முடியாத சைஸ்ல இருக்கும். பிடிக்க ஒண்ணும் கிடைக்காம தொங்கினா இலைக்கு செலவு பண்றதைக் குறைச்சுக்கிட்டு தண்டை நீட்டி நீட்டி தேடிக்கிட்டே போகும், வெளிச்சமும் கம்மியா இருந்தா அந்த வெறும் தண்டு இன்னும் நீளும். அலமாரி மேல எவ்வளவு வெளிச்சம் வருதுனு ஒரு தடவை பாருங்க. ஜன்னல் பக்கத்துல, நேர் வெயில் படாத இடம்தான் இதுக்கு சரி.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. தண்டைப் புரட்டிப் பாருங்க, ஒவ்வொரு கணுவுலயும் பழுப்பு நிறத்துல சின்னச் சின்ன முண்டு தெரியும், அதுதான் காற்று வேர். மாஸ் போல், அதாவது பாசி சுத்தின கம்பு, நட்டுட்டு அந்த முண்டு இருக்கற பக்கம் போலை ஒட்டி இருக்கற மாதிரி தண்டைக் கட்டணும், இலைக்காம்பை கட்டக்கூடாது. நான் முதல் தடவை காம்பையும் சேத்து இறுக்கி கட்டிட்டேன், இலை வெளிச்சத்துப் பக்கம் திரும்பப் பாத்து திரும்பப் பாத்து கடைசில காம்பு மடிஞ்சே போச்சு.

அடுத்தது முக்கியமான விஷயம், போல் ஈரமா இருக்கணும். காஞ்ச போல்னா அது வெறும் ஊனுகோல், செடி சாஞ்சுக்கும் அவ்வளவுதான், வேர் உள்ள போகாது. தண்ணி ஊத்தும்போது போலோட உச்சியில இருந்து மெதுவா ஊத்துங்க, கீழ இறங்கட்டும். ஆனா ஏற்கனவே வந்த சின்ன இலை பெருசாகாது, இனிமே வர்றதுதான் மாறும், அதுவும் நாலஞ்சு இலை தள்ளித்தான் தெரியும். தொங்கற நீளத் தண்டை அப்படியே தூக்கிக் கட்ட வேணாம், அதை வெட்டி வேர் பிடிக்க வச்சு, தொட்டிக்குப் பக்கத்துல வர்ற புதுத் துளிரை ஏத்துங்க.

கே: என்கிட்ட இருக்கறது ஃபிலோடென்ட்ரானா மணி பிளான்ட்டானு தெரியல, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ப: புது இலை வர்ற இடத்தைப் பாருங்க. ஹார்ட்லீஃப்ல ஒரு மெல்லிசான உறைக்குள்ள இருந்து இலை வரும், விரிஞ்சதும் அந்த உறை பேப்பர் மாதிரி காஞ்சு உதிரும். மணி பிளான்ட்ல அப்படி தனியா உறை இருக்காது, இலையும் தடிப்பா மெழுகு தடவின மாதிரி இருக்கும், காம்புல மேல்பக்கம் விரல்ல தடவினா ஒரு பள்ளம் தெரியும். ரெண்டும் ஒரே குடும்பம்தான், வளக்கற முறையும் ஏறக்குறைய ஒண்ணு, அதனால யார் சொன்னது சரினு சண்டை போடற அளவுக்கு ஒண்ணுமில்ல.

கே: தினமும் காலையில ஒரு டம்ளர் தண்ணி தவறாம ஊத்தறேன், அப்படியும் அடி இலையெல்லாம் மஞ்சளாகுது. தண்ணி பத்தலையா?

ப: அந்த டம்ளரை ஒளிச்சு வைங்க. எப்பவாவது ஒரு கிழ இலை மஞ்சளாகி விழறது சகஜம், வரிசையா விழுந்தா வேர் அழுகுதுனு சந்தேகப்படணும். தொட்டியில இருந்து எடுத்துப் பாருங்க, நல்ல வேர் வெளுப்பா கெட்டியா இருக்கும், அழுகினது கறுத்து கொழகொழனு நாறும், இழுத்தா தோல் மட்டும் கையோட வரும். கெட்டதை வெட்டிட்டு காத்தோட்டமான கலவையில வைங்க. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் போட்டா ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கும், அதோட பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் குருணை) மரப்பட்டைத் துண்டும் தாராளமா சேருங்க. கிழமை பாத்து தண்ணி ஊத்தாதீங்க, ஆள்காட்டி விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாத்து காஞ்சிருந்தா ஊத்துங்க, ஊத்தினா அடி ஓட்டை வழியா வெளிய வர்ற வரைக்கும் ஊத்துங்க, தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க. குளிர் நாள்ல செடி கம்மியாத்தான் குடிக்கும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

கே: ஒரே ஒரு அழகான இலையை காம்போட கிள்ளி தண்ணியில வச்சேன். வேர் வந்து அஞ்சு மாசமாச்சு, துளிர் வரவே இல்ல.

ப: வராது. கணு இல்லாம வெறும் இலைக்காம்பு வேர் விடும், கொடி விடாது. அடுத்த தடவை கணுவுக்குக் கீழ வெட்டுங்க. இதை அழகுக்கு வச்சுக்கோங்க.

கே: பூனை இலையைக் கடிச்சு வச்சிடுது. விஷமா?

ப: கண்டிப்பா எட்டாத இடத்துக்கு மாத்துங்க. இலை, தண்டு எல்லாத்துலயும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கு, கடிச்சா வாயில, நாக்குல குத்தி எரியும், எச்சில் ஒழுகும், வாந்தியும் வரும். நாய்க்கும் குழந்தைக்கும் இதே கதைதான். கடிச்சது தெரிஞ்சா வாயைத் தண்ணியால துடைச்சு விட்டுட்டு உடனே கால்நடை டாக்டரை, குழந்தைனா நம்ம டாக்டரைக் கேளுங்க, வாந்தி எடுக்க வைக்கறேன்னு நீங்களா எதுவும் பண்ணாதீங்க. வெட்டும்போது சிலருக்கு சாறு பட்டு கை அரிக்கும், கிளவுஸ் போட்டுக்கறது நல்லது.

கே: இலைக்காம்புல பிசுபிசுனு சொட்டு, எறும்பும் வருது. பூச்சியா?

ப: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஃபிலோடென்ட்ரான்ல பல வகை இலைக்காம்புலயும் உறையிலயும் தானாவே இனிப்பு நீர் சுரக்கும், எறும்பு அதுக்கு வரும். ஆனா கணு இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா அது மாவுப்பூச்சி. பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு ஒண்ணொண்ணா துடைச்சு எடுங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும், அதுக்கடுத்த வாரமும். ஒரே தடவையில விட்டவங்கதான் திரும்ப எனக்கு எழுதறாங்க.

கே: பிர்கின்ங்கற ஃபிலோடென்ட்ரான் வாங்கி பெரிய மாஸ் போல் வச்சு ஒரு வருஷமாச்சு, ஏறவே மாட்டேங்குது.

ப: அது கொடி வகை இல்லீங்க, இருந்த இடத்துலயே கொத்தா நிக்கற வகை. போலைப் பிடுங்கி முதல் கேள்வி கேட்டவங்களுக்கு அனுப்பிடுங்க.