பிரிட்டிஷ் ரயில்வேயில் நீராவி இன்ஜின்களின் கடைசி ஆண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: 1960 வரை புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ரயில்வே, எட்டே ஆண்டுகளில் அவற்றைக் கைவிட்டது ஏன்?

பதில்: முதலில் எடுத்த முடிவு நிறைவேறி முடிவதற்குள் அதற்கு நேர்மாறான இன்னொரு முடிவு வந்துவிட்டது. 1948இல் ரயில்வே நாட்டுடைமையானபோது ஏறத்தாழ 20,000 நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்நாட்டிலேயே நிலக்கரி கிடைத்தது. எண்ணெயையோ அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆகவே ராபர்ட் ரிடில்ஸ் தலைமையில் வடிவமைக்கப்பட்ட 12 வகை இன்ஜின்கள், 1951 முதல் மொத்தம் 999 கட்டப்பட்டன. அந்த வேலை பாதியில் இருக்கும்போதே, 1955இல், 124 கோடி பவுன் மதிப்பிலான நவீனமயத் திட்டம் டீசலையும் மின்சாரத்தையும் தேர்ந்தெடுத்தது. 1960 மார்ச்சில் ஸ்விண்டன் பணிமனையிலிருந்து கடைசியாக வெளிவந்த 'ஈவனிங் ஸ்டார்', 1965இலேயே பணியிலிருந்து நீக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய இயந்திரத்தை ஐந்தாண்டில் ஓரங்கட்டியதைப் பெரும் விரயம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: 'ஈவனிங் ஸ்டார்' சேர்ந்த அந்த 9எஃப் வகை உண்மையிலேயே சிறந்ததா?

பதில்: ஐயமே வேண்டாம். ஐந்தடி விட்டமுள்ள பத்து இயக்கு சக்கரங்கள் அதற்கு. வளைவுகளில் சிக்காதிருக்க நடு இணைச் சக்கரங்களுக்கு மட்டும், தண்டவாளத்தை விட்டு விலகாமல் தடுக்கும் உள்விளிம்பு கிடையாது. டைன் டாக் துறையிலிருந்து கான்செட் உருக்காலைக்கு இரும்புத்தாது ஏற்றிச் சென்ற ரயில்களில், முன்னால் ஒன்று இழுக்கப் பின்னால் ஒன்று தள்ள, 1966 வரை இவையே மலையேறின. சரக்குக்கென்றே கட்டிய இந்த இன்ஜின், விரைவு ரயிலோடு மணிக்கு 90 மைலைத் தொட்டதும் உண்டு.

கேள்வி: அக்காலப் படங்களில் இன்ஜின்கள் எல்லாம் அழுக்கேறிக் கிடக்கின்றனவே?

பதில்: துடைக்க ஆள் இல்லை. இன்ஜின் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, உலையில் கரி போடும் ஃபயர்மேனாகி, பிறகு ஓட்டுநராவதுதான் பழைய வழக்கம். போருக்குப் பின், சுத்தமான வேலையும் கூடுதல் சம்பளமும் தொழிற்சாலைகளில் கிடைத்ததால், பையன்கள் இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. ஓட்டம் முடிந்து திரும்பிய ஒவ்வொரு இன்ஜினிலும் உலையில் இறுகிக் கிடக்கும் கசடுக் கட்டிகளை நீண்ட இரும்புக் கோலால் உடைத்து அகற்ற வேண்டும். குழிக்குள் இறங்கி, அடியிலுள்ள சாம்பல் தட்டைச் சுரண்ட வேண்டும். முன்புறம் புகைப்பெட்டியின் கதவைத் திறந்து, குவிந்த கரித்தூளை வாரிக் கொட்ட வேண்டும். காற்றடிக்கும் இரவில் அந்தச் சாம்பல் கண்ணிலும் வாயிலும் படியும். இத்தனையும் செய்தால்தான் மறுநாள் இன்ஜின் நகரும் என்பதால், இருந்த சிலர் இதைச் செய்தார்கள். மெருகேற்ற அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. எப்படியும் உடைக்கப் போகும் இன்ஜினுக்குப் பெரிய பழுது பார்ப்பதும் நிறுத்தப்பட்டது. ஆவி கசியும் இன்ஜின்களைக் கொண்டு நேரத்துக்கு ரயில் ஓட்டிய அந்தத் தொழிலாளர்களுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

கேள்வி: வடமேற்கு இங்கிலாந்தின் ஷாப் ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின் எப்படி வேலை செய்தது?

பதில்: டீபே நிலையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ நான்கு மைலுக்கு 75க்கு 1 என்ற ஏற்றம், அதாவது 75 அடி போனால் ஓரடி உயரும். பாரமான ரயில் டீபேயில் நிற்கும். துணை இன்ஜின் பின்னால் வந்து, கொக்கி மாட்டாமலே முட்டி நிற்கும். இரு இன்ஜின்களின் ஓட்டுநர்களும் ஊதலால் சைகை பரிமாறிக்கொண்டு புறப்படுவார்கள். உச்சியில் துணை இன்ஜின் ஆவியை நிறுத்தி விலகிக்கொள்ளும். நீராவியால் தள்ளும் இந்த வழக்கம் 1967 இறுதியில் முடிந்தது.

கேள்வி: கடைசி ஓட்டம் எது?

பதில்: கார்ன்ஃபோர்த், லாஸ்டாக் ஹால், ரோஸ் குரோவ் ஆகிய மூன்று ஷெட்டுகளே இறுதிவரை எஞ்சின. அட்டவணைப்படியான கடைசி நீராவிப் பயணிகள் ரயில்கள் 1968 ஆகஸ்ட் 3 அன்று பிரஸ்டனிலிருந்து புறப்பட்டன. ஆகஸ்ட் 11 அன்று லிவர்பூலிலிருந்து கார்லைல் சென்று திரும்பிய சிறப்பு ரயிலுக்கு 15 கினி, அதாவது 15 பவுன் 15 ஷில்லிங், கட்டணம். அதை இழுத்த நான்கு இன்ஜின்களில், 'ஆலிவர் கிராம்வெல்' உட்பட மூன்று இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மறுநாள் முதல் முதன்மைத் தடங்களில் நீராவிக்குத் தடை வந்தது. 1971இல் 'கிங் ஜார்ஜ் ஃபிஃப்த்' என்ற இன்ஜின் ஓட அனுமதி பெற்றபோதுதான் அது தளர்ந்தது.

கேள்வி: அதன் பிறகு பிரிட்டிஷ் ரயில்வேயிடம் நீராவி இன்ஜினே இல்லையா?

பதில்: இருந்தது. வேல்ஸில் அபெரிஸ்ட்வித்திலிருந்து டெவில்ஸ் பிரிட்ஜ் செல்லும் குறுகிய அகல ரயில் பாதையில், மூன்று சிறு இன்ஜின்களை 1989இல் அந்தப் பாதையை விற்கும் வரை அதுவே ஓட்டியது.