மாமாவோட விபூதியும் ஒரு இன்டர்வியூவும்

தங்கச்சி, உங்க கேள்வியைத் திருநகர்ல அம்மா வீட்டு வராந்தாவுல உட்கார்ந்து படிச்சேன். இங்கிலாந்து போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, ஆனாலும் சித்திரைக்கு மதுரை வந்துடுவேன். நீங்க வில்லாபுரத்துலேர்ந்து இங்கிலாந்துல லெஸ்டர் போய் எட்டு மாசம்னு எழுதியிருக்கீங்க. பையனுக்கு 18, ஆட்டிசம். ஒரு குடோன் வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு வாரம்தான் இருக்கு. ஆட்டிசம்னு முன்னாடியே சொல்லணுமா, சொன்னா விசாவுக்கு ஏதும் ஆகுமா, எப்படிப் பழக்குறது, நானும் கூட உள்ள உட்காரலாமா. நாலு கேள்வி. பழக்குறதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நாங்க நல்லாச் சொதப்பினது அதுலதான்.

என் மகனுக்கு அப்ப பத்தொன்பது. இதே வராந்தாதான். எங்க அண்ணன் பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவர். எத்தனை பேரை இன்டர்வியூ எடுத்திருக்கேன், மருமகனைத் தயார் பண்றது ஒரு வேலையான்னு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நாற்காலியைப் போட்டுட்டார். முதல் கேள்வி: "உங்களைப் பத்திச் சொல்லுங்க." மகன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அஞ்சடி எட்டு அங்குலம். ஓ பாசிட்டிவ். தயிர் பிடிக்காது." அவ்வளவுதான். கேட்டதுக்குச் சரியாச் சொல்லியாச்சுங்கிற நிம்மதியோட உட்கார்ந்திருக்கான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நல்லா யோசிச்சா அவன் சொன்னதுல தப்பு ஒண்ணுமில்லை, கேள்விதான் மொட்டையான கேள்வி.

அடுத்தது கண்ணைப் பார்த்துப் பேசுற பாடம். கண்ணைப் பார்க்கக் கஷ்டமா இருந்தா புருவ மத்தியைப் பாரு, எதிர்ல இருக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு அண்ணன் ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தார். மூணு கேள்வி நல்லாப் போச்சு. நாலாவதுக்குப் பதிலே வரலை. என்னப்பா ஆச்சுன்னா, "மாமா, நடுக்கோடு இடது பக்கம் வளைஞ்சிருக்கு" அப்படிங்கிறான். நெத்தியில இருந்த விபூதிப் பட்டையைச் சொல்றான்! கேள்வி காதுலயே விழலை. எங்க பார்க்கணுங்கிறதுலயே அவனோட கவனம் முழுசும் செலவாகிப் போச்சு. அப்புறம் சுவத்தைப் பார்த்து உட்காரச் சொல்லிட்டு அதே கேள்வியைக் கேட்டா, முத்து முத்தாப் பதில் வருது. அன்னைக்கோட அந்தப் பாடத்தை மூட்டை கட்டினோம். நீங்க கண்ணைப் பார்க்கப் பழக்க ஆரம்பிச்சிருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. பையனைத் திருத்துறதுல இருக்கிற நேரத்துல பாதியை அந்த இன்டர்வியூவைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறதுல செலவு பண்ணுங்க. அங்க அப்படிக் கேட்கலாம்.

அதுக்கு முதல்ல விஷயத்தை வெளிய சொல்லணும். நமக்கு வராதது அதுதான். மதுரையில எங்க மகனை "கொஞ்சம் அமைதியான பிள்ளை"ன்னுதான் சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வச்சிருந்தோம். அவன் தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்ல, அதான் காரணம். அந்தப் பழக்கத்தையும் அப்பளக்கட்டோட சேர்த்து சூட்கேஸ்ல வச்சுக் கொண்டு போயிடுறோம். எங்க மகனோட முதல் இன்டர்வியூவுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலை. எதிர்ல மூணு பேர், தலைக்கு மேல ஒரு டியூப் லைட் ரீங்காரம். "கோபமா ஒரு கஸ்டமர் வந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. இவன், "எந்த கஸ்டமர்?" அப்படின்னுட்டு அவங்க சொல்வாங்கன்னு காத்திருந்திருக்கான். ஆர்வம் இல்லாத மாதிரி தெரிஞ்சதுன்னு ரெண்டு வரி மெயில் வந்தது. அந்த வேலைக்கு ஒரு மாசமா அவன் தினமும் பஸ் டைம் பார்த்து வச்சிருந்தான்.

இப்ப சட்டம். இங்கிலாந்துல 2010-ல வந்த ஈக்வாலிட்டி ஆக்ட்னு, பாகுபாடு காட்டக் கூடாதுங்கிற சட்டம் ஒண்ணு இருக்கு. மாற்றுத்திறனாளி ஒருத்தர் வேலைக்கு மனுப்போட்டா, அவருக்குத் தோதா இன்டர்வியூவை மாத்திக் கொடுக்க வேண்டியது முதலாளியோட கடமை. இதைத்தான் ரீசனபிள் அட்ஜஸ்ட்மெண்ட்ங்கிறாங்க. ஆனா அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். நம்ம வாயைத் திறக்காம இருந்துட்டு அப்புறம் குறை சொல்ல முடியாது. அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு: வேலை தர்றேன்னு சொல்றதுக்கு முன்னாடி உடம்பு, வியாதின்னு பொதுவாத் தோண்டித் துருவக் கூடாது. இன்டர்வியூவுக்கு என்ன வசதி வேணும்னு கேட்கலாம்.

நம்ம ஊர்ல கதை வேற. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில 4 சதவீதம் ஒதுக்கீடு, அதுல ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம். கையில மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு இருந்தாத்தான் பேச்சு. அங்க ஒதுக்கீடே கிடையாது. நீங்க இங்க அலைஞ்சு வாங்கின அந்த யுடிஐடி கார்டுக்கும் அங்க மதிப்பில்லை. ஆனா டாக்டர் எழுதின ரிப்போர்ட்டைப் பத்திரமா வச்சுக்கங்க, பேசுறதுக்கு ஒரு பிடிமானம். அங்க சட்டம் பார்க்கிறது 12 மாசமோ அதுக்கு மேலயோ நீடிக்கிற, அன்றாட வேலைகளைக் கணிசமாப் பாதிக்கிற நிலைமையா இல்லையாங்கிறதைத்தான். வேலை விளம்பரத்துல டிஸெபிலிட்டி கான்ஃபிடென்ட்ங்கிற அரசுத் திட்டத்தோட முத்திரை இருக்கான்னும் பாருங்க. இருந்தா, குறைந்தபட்சத் தகுதி உள்ள மாற்றுத்திறனாளிகளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுறோம்னு ஒப்புக்கிட்டவங்கன்னு அர்த்தம். அதுக்காக எல்லாரும் தங்கமானவங்கன்னு நம்பிடாதீங்க. முன்னாள் அமைச்சர் ராபர்ட் பக்லேண்ட் 2024-ல அரசுக்குக் கொடுத்த அறிக்கையே ஆட்டிசம் உள்ள பெரியவங்கள்ல பத்துக்கு மூணு பேர்தான் வேலையில இருக்காங்கன்னு சொல்லுது.

ரெண்டாவது தடவை நாங்க எழுதின மெயில் எட்டு வரி. எனக்கு ஆட்டிசம் இருக்குன்னு அவன் பேர்லயே ஆரம்பிச்சது. கேள்விகளை ரெண்டு நாள் முன்னாடி எழுத்துல அனுப்பணும். மூணு பேருக்குப் பதிலா ஒருத்தரோ ரெண்டு பேரோ கேட்டாப் போதும், அவங்க பேரை முன்னாடியே சொல்லணும். சத்தமில்லாத அறை. "இப்படி நடந்தா என்ன செய்வீங்க"ன்னு கற்பனை பண்ணச் சொல்லாம "இப்படி நடந்தப்ப என்ன செஞ்சீங்க"ன்னு கேட்கணும். முடிஞ்சா அரை மணி நேரம் வேலையைக் கொடுத்துப் பார்க்கணும். கடைசி வரியா, நான் கண்ணைப் பார்க்காமப் பேசுவேன், கவனிக்கிறேன்னு அர்த்தம். இந்த வரியை அவனேதான் எழுதினான்.

நடந்ததைச் சொல்லணும்னா ஏதாவது நடந்திருக்கணுமே. பள்ளிக்கூடம் தவிர வேறெதுவும் பார்க்காத பிள்ளை. அந்த லீவுல ஆறு வாரம் கீழமாசி வீதியில எங்க பெரியப்பா பலசரக்குக் கடையில ஸ்டாக் நோட்டைக் கையில கொடுத்து உட்கார வச்சோம். காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு மூட்டையை எண்ணுவான். ஒருநாள் வத்தல் வந்து இறங்கிச்சு, பில்லுல பதினஞ்சு மூட்டை. சரக்குக் கொண்டு வந்த ஆள் நிக்கும்போதே "பதினாலுதான் இருக்கு" அப்படின்னுட்டான். ஒரே ரகளை. முப்பது வருஷப் பழக்கம், பையன் மானத்தை வாங்கிட்டானேன்னு பெரியப்பா முறைச்சார். எண்ணிப் பார்த்தா பதினாலுதான். அந்தக் கதையை அட்டையில நாலு வரியா எழுதினோம்: எங்க, என்ன பார்த்தேன், என்ன செஞ்சேன், என்ன ஆச்சு. இப்படி அஞ்சு அட்டை. எந்தக் கேள்விக்கு எந்த அட்டைன்னு கேள்விகள் வந்த அன்னைக்கே பொருத்தி வச்சுட்டான். உங்க சொந்தத்துல கடை கண்ணி இருந்தா யோசிச்சுப் பாருங்க. பெரியப்பா தன் கையால கையெழுத்துப் போட்டு இங்கிலீஷ்ல ஒரு கடிதமும் கொடுத்தார், அது அனுபவக் கணக்குல சேர்ந்தது.

உதிரிபாகம் வைக்கிற ஒரு குடோன்தான் அவன் ரெண்டாவதாப் போனது. திரும்பி வந்த சாமான் அறுபதைக் கொடுத்து அரை மணியில பிரிச்சு வைக்கச் சொன்னாங்களாம். நாப்பத்தொண்ணு முடிச்சான், தப்பு இல்லை. மெதுவாத்தான் செய்றார், ஆனா எங்களுக்குப் பரவாயில்லைன்னு அந்தக் குடோன்லேர்ந்து ஒரு அம்மா போன்ல சொன்னாங்க. ஆறு வருஷமா அங்கதான் இருக்கான்.

உங்க விசாவைப் பத்திப் பயப்படாதீங்க. வீட்டுக்காரர் ஸ்கில்டு வொர்க்கர் விசா, பையன் அவரைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட், அவன் வேலை பார்க்கலாம். முதலாளிகிட்ட ஆட்டிசம்னு சொல்றதால விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. பிஐபின்னு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற தொகை மாதிரி அரசு உதவித்தொகைக்கு மனுப்போடுறதுதான் கூடாது, உங்க விசாவுல பப்ளிக் ஃபண்ட் கிடையாதுன்னு இருக்கும். வேலை செய்ய உரிமை இருக்குன்னு காட்ட ஷேர் கோட் கேட்பாங்க, அரசு இணையதளத்துல எடுக்கிற ஒரு குறியீடு, 90 நாள் செல்லும். அதைப் பையனையே எடுக்கச் சொல்லிப் பழக்குங்க.

உள்ள உட்காரலாமான்னா, துணைக்கு ஒருத்தர் வேணும்னு கேட்டுக்கலாம். ஆனா அது நீங்களா இருக்க வேணாம்னுதான் நான் சொல்வேன். கல்லூரியிலேர்ந்து யாராவது வந்தா நல்லது. நம்ம உட்கார்ந்தா நம்மதான் பதில் சொல்வோம். வராந்தாவுல அண்ணன் கேட்ட கேள்வியில பாதிக்கு நான்தான் வாயைத் திறந்திருக்கேன், மகன் எண்ணி வச்சிருந்தான், பதினொண்ணு. குடோன் இன்டர்வியூ அன்னைக்கு நான் கார் பார்க்லயே அம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வெளிய வந்ததும் எப்படிப் போச்சுன்னு கேட்காதீங்க. எங்க வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவனாத்தான் ஆரம்பிச்சான்.

அந்த வேலை விளம்பரத்தை எனக்கு அனுப்புங்க. மெயிலைப் பையன்கிட்ட எழுதச் சொல்லுங்க, தப்பு இருந்தா பரவாயில்லை, நான் பார்த்துத் தர்றேன். இங்க ராத்திரி ஒன்பதுன்னா அங்க சாயங்காலம் நாலரை, அதுக்கு மேல கூப்பிட்டா எடுப்பேன்.