மேலே ஏறிய கருத்து யாருடையது? - வாசகர் கேள்வி பதில்

கே: கொரியத் தொடர்களை விடாமல் பார்ப்பவள் நான். அந்த நாட்டு அரசியல் செய்திகளில் 'ட்ரூகிங் விவகாரம்' என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?
- வாசகி, கும்பகோணம்

ப: தென்கொரியாவில் நிறையப் பேர் செய்தி படிப்பது நேவர் என்ற தேடல் தளத்தில்தான். செய்திக்குக் கீழே வாசகர் கருத்துகள் இருக்கும், அப்போது அதிக லைக் வாங்கிய கருத்து மேலே நிற்கும். செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்க நேராக அங்கே போகிறவர்கள் ஏராளம். ட்ரூகிங் என்பது வலைப்பதிவில் பிரபலமான ஒருவரின் புனைபெயர். 2017-இல் அதிபரான மூன் ஜே-இன்னின் தீவிர ஆதரவாளர், அவருடைய மின்ஜூ கட்சியின் உறுப்பினர். தலைநகர் சியோலுக்கு வடக்கே பாஜு நகரில் பதிப்பகம் என்ற பெயரில் ஓர் அலுவலகம் வைத்து, தன் குழுவோடு 'கிங் கிராப்' என்ற மென்பொருளை ஓட்டினார். உட்கார்ந்து கருத்து எழுதிக் குவிப்பது அதன் வேலை இல்லை, யாரோ எழுதிய கருத்துக்குப் பல கணக்குகளிலிருந்து லைக் குத்தி மேலே ஏற்றுவதும், பிடிக்காததைக் கீழே இறக்குவதும்தான். 2016 கடைசியிலிருந்து 2018 தொடக்கம் வரை அப்படிக் குத்தியது ஏறக்குறைய 10 கோடி தடவை.

மாட்டியது எப்படி என்று கேளுங்கள். 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்குக்கு வட, தென் கொரியப் பெண்கள் ஐஸ் ஹாக்கியில் ஒரே அணியாக ஆடுவதைப் பற்றிய செய்தியில், அரசைத் திட்டிய கருத்துகள் திடீரென்று மேலே ஏறின. அப்போது மூன் அதிபர், மின்ஜூ ஆளுங்கட்சி. எதிரிகளின் சதி என்று நினைத்து அந்தக் கட்சியே போலீசுக்குப் போனது. விசாரித்தால் 614 கணக்குகளை வைத்து லைக் குத்தியவர்கள் அதே கட்சியின் உறுப்பினர்கள்! தன் ஆள் ஒருவருக்கு ஜப்பானின் ஒசாகா நகரில் உள்ள தென்கொரியத் துணைத் தூதரகத்தில் தலைமைப் பதவி கேட்டு, அது கிடைக்காத கோபத்தில் ட்ரூகிங் அரசுக்கு எதிராகத் திரும்பியிருந்தார். அந்தக் கோபம் வராமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

கே: தொண்டர்கள் ஆர்வக்கோளாறில் செய்ததற்குக் கட்சித் தலைவர்கள் என்ன செய்வார்கள்?
- வாசகர், திருநெல்வேலி

ப: இப்படித்தான் அங்கேயும் முதலில் சொன்னார்கள். ஆனால் மூனுக்கு மிக நெருக்கமான கிம் கியோங்-சூ, 2016 நவம்பரில் பாஜு அலுவலகத்துக்கே போய் அந்த மென்பொருள் ஓடுவதை நேரில் பார்த்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பார்க்கவே இல்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 2 ஆண்டுச் சிறையை உறுதி செய்ததும், தென் கியோங்சாங் மாகாண ஆளுநர் பதவி போயிற்று. ட்ரூகிங்குக்கு அதற்கு முன்பே 3 ஆண்டு. சம்பளம் வாங்காமல் அன்பினால் வேலை செய்கிறவர் என்று யாரையும் சும்மா விட்டுவிட முடியாது, அந்த அன்புக்கும் ஒருநாள் கூலி கேட்பார்கள். இங்கே அது தூதரகப் பதவி.

கே: எந்தச் சட்டத்தில் தண்டித்தார்கள்?
- வாசகர், ஈரோடு

ப: கணினி வழியாக ஒரு நிறுவனத்தின் தொழிலுக்கு இடையூறு செய்த குற்றம். அதாவது சட்டப்படி பாதிக்கப்பட்டது நேவர் நிறுவனம்! கிம் மீதான தேர்தல் சட்டக் குற்றச்சாட்டு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. ஏமாந்தது, 'ஊரே இப்படி நினைக்கிறது போல' என்று நம்பி, தன் சந்தேகத்தை வாயைத் திறந்து சொல்லாமல் மூடிக்கொண்ட சாதாரண வாசகர். வழக்கில் அவருக்கு இடமே இல்லை.

கே: எதிரணி மட்டும் யோக்கியமா?
- வாசகர், மதுரை

ப: இல்லை. அவர்கள் செய்தது இதைவிட மோசம் என்பேன். 2012 அதிபர் தேர்தலின்போது நாட்டின் உளவுத்துறையே ரகசியமாக ஆள் வைத்து, அப்போதைய ஆளுங்கட்சி வேட்பாளர் பார்க் கியுன்-ஹேவுக்குச் சாதகமாகவும் எதிரணியைத் தாக்கியும் இணையத்தில் எழுதியது. மக்கள் வரிப்பணத்தில்! துறைத் தலைவராக இருந்த வோன் செய்-ஹூனுக்கு 4 ஆண்டுச் சிறை உறுதியானது 2018 ஏப்ரலில், ட்ரூகிங் செய்தி வெடித்த அதே மாதத்தில். அந்தத் தேர்தலில் தோற்றவர் மூன் ஜே-இன். இந்த அநியாயத்தால் அடிபட்ட அணியின் ஆட்களே அப்புறம் அதே வழிக்குப் போனதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

கே: நேவர் என்ன செய்தது?
- வாசகி, சேலம்

ப: ஒரு கணக்குக்கு நாளுக்கு 50 லைக், ஒரு செய்திக்கு 3 கருத்து என்று வரம்பு வைத்தது. கணக்குகளையே நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தடை இல்லை. கருத்துகளை லைக் கணக்கில் வரிசைப்படுத்துவதையே நிறுத்தியிருக்கலாம். நீங்களும் எந்தத் தளமானாலும், வசதி இருந்தால் புதிய கருத்து முதலில் வரும்படி மாற்றி வைத்துப் படியுங்கள்.