வேன் வாங்கும் முன்: கேம்பருக்கு எந்த வண்டி, எந்த அளவு?

பஸ் பாடி கட்டும் ஊரான கரூரில் தொழில் பழகியவன் நான். இப்போது வேன்களுக்குள் படுக்கையும் அடுப்படியும் வைத்துக் கேம்பராக மாற்றித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டியை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். அங்கேதான் சங்கடம். அலமாரி பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறு போடலாம். கூரை உயரம், வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்), ஆர்.சி. புக்கில் உள்ள எழுத்து, இந்த மூன்றையும் ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடியாது. அதனால், இன்னும் வண்டி வாங்காதவர்கள் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி: நாங்கள் இரண்டே பேர். மாதம் ஒருமுறை வால்பாறை, கொல்லிமலை என்று போக ஆசை. விங்கரா, டிராவலரா, அர்பேனியாவா? எவ்வளவு நீளம் வாங்கலாம்?

போகிற ஊரை முதலில் சொன்னது நல்லதாயிற்று. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. நீளமான வண்டி நின்றால் வீடு, வளைவில் திரும்பினால் வம்பு.

ஃபோர்ஸ் டிராவலர் (நம் ஊரில் இன்னும் டெம்போ டிராவலர்தான்) 3,050, 3,350, 3,700, 4,020 மி.மீ. என்று நான்கு வீல்பேஸில் வருகிறது. அதே ஃபோர்ஸின் அர்பேனியாவில் 3,350, 3,615, 4,400. டாடா விங்கரில் 3,200, 3,488. இரண்டு பேருக்கு 3,350 வாக்கில் வீல்பேஸ் உள்ளது போதும் என்பது என் கணக்கு. நான்கு பேர் படுக்க வேண்டும், குளியலறையும் உள்ளேயே வேண்டும் என்றால்தான் அதற்கு மேலே யோசிப்பேன்.

நம்பாவிட்டால் வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். நீளவாக்கில் படுக்கை 6 அடி 3 அங்குலம், அடுப்படி மேடை 3 அடி, கதவருகே கால் வைக்க ஒன்றரை அடி. பதினோரு அடிக்குள் முடிந்துவிடும். ஷோரூமில் டேப்பை டிரைவர் சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை பிடியுங்கள். கேட்லாக்கில் இருக்கும் மொத்த நீளம் நமக்கு உதவாது, அதில் இன்ஜினும் பம்பரும் சேர்ந்திருக்கும்.

குறுக்காகப் படுத்தால் இடம் மிச்சமாகுமே என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வந்த ஆசை அது. விங்கரின் வெளி அகலமே 1,905 மி.மீ.தான். தகடு, ரிப் (தகட்டைத் தாங்கும் சட்டம்), இன்சுலேஷன், பிளைவுட் எல்லாம் போக உள்ளே ஐந்தரை அடி தேறினால் பெரிது. டிராவலர் 2,095, கொஞ்சம் தாராளம். ஆனாலும் ஆறு அடி உள்ளவர் அதில் குறுக்கே கால் நீட்டிப் படுப்பது கஷ்டம்.

உயரம்தான் முக்கியம். ஹை ரூஃப் மாடல் மட்டும் பாருங்கள். தரையில் ஒன்றரை அங்குலம், கூரையில் இரண்டு அங்குலம் வேலையில் போய்விடும். வெறும் வண்டிக்குள் நிற்கும்போது தலைக்கு மேல் ஐந்து விரல்கடை மிச்சமில்லை என்றால், வேலை முடிந்தபின் குனிந்துதான் தோசை சுட வேண்டும். வீட்டிலேயே உயரமானவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து ஒருவர்: சீட் வைத்த பாசஞ்சர் வண்டி வாங்கிச் சீட்டைக் கழற்றுவதா, காலியான டெலிவரி வேன் வாங்குவதா?

என் கைக்கு டெலிவரி வேன் பிடிக்கும். நாலு பக்கமும் தகடு, எங்கே ஜன்னல் வேண்டுமோ அங்கே மட்டும் வெட்டிக்கொள்ளலாம். பாசஞ்சர் வண்டியில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி. மே மாதம் திருச்சியில் மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் உட்கார்ந்து பார்த்தால் புரியும். கண்ணாடியை எடுத்துத் தகடு அடிக்கலாம், ஆனால் எவ்வளவு நன்றாக டின்கரிங் செய்தாலும் ஒட்டுப்போட்டது வெளியே தெரியும்.

டெலிவரி வேனில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கேபினில் ஏ.சி. இருக்கிறதா? பணம் மிச்சம் என்று ஏ.சி. இல்லாத மாடலை எடுத்துவிட்டு, பிறகு கம்ப்ரசர், பிராக்கெட், பைப் என்று தேடி அலைந்தவர்கள் உண்டு. கம்பெனியிலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு, பக்கவாட்டில் ஸ்லைடிங் கதவு வேண்டும், பின்கதவு மட்டும் போதாது. மூன்றாவது பெரியது: அது சரக்கு வண்டியாகப் பதிவாகும். மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் கூடவே வரும். சொந்த உபயோகத்துக்கு மாற்றாமல் அதில் படுக்கை போட்டுக்கொண்டு போனால் செக்போஸ்ட் தோறும் கதை சொல்ல வேண்டியிருக்கும்.

ஜன்னல் வெட்டும்போது இன்னொன்று. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் நிற்கும் ரிப்பை வெட்டாதீர்கள். இரண்டு ரிப்புக்கு நடுவே எவ்வளவு இடமோ அதுதான் உங்கள் ஜன்னலின் அளவு. கண்ணாடியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப ஓட்டை போடுவது தலைகீழ் வேலை.

மதுரையிலிருந்து ஒரு வக்கீல்: இப்படி மாற்றுவது சட்டப்படி செல்லுமா?

நீங்களே கேட்டால் எப்படி சார்! சரி, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. பதினைந்து சீட்டைக் கழற்றி இரண்டாக்கினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை பொய்யாகிவிடும். நாளை ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அதற்காகக் கேம்பர் என்றாலே குற்றம் என்று அர்த்தமில்லை. சொந்த உபயோகக் கேம்பர் வேன் என்ற வகுப்பே பதிவுப் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு. அதன்படி சோதித்துச் சான்று வாங்கியிருக்கும் கட்டுநரிடம் வண்டி எடுத்தால் காகித வேலை எளிது. தனி வண்டியாக நீங்களே மாற்றுவதென்றால், வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். இந்த மாடலை இந்த வகுப்பில் பதிவு செய்து தருவீர்களா, என்னென்ன சான்று வேண்டும் என்று கேளுங்கள். வேலை முடித்துவிட்டுப் போய் நின்றால் அவர் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.

சேலத்திலிருந்து ஒருவர்: லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டுமா?

கார் ஓட்டும் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது.

ஈரோட்டிலிருந்து ஒரு தச்சர்: உள்வேலையை நானே செய்துகொள்வேன். 18 எம்.எம். பிளைவுட் போடலாமா?

போடாதீர்கள். வீட்டு அலமாரி சுவரில் நிற்கிறது, இது சக்கரத்தின் மேல் நிற்கிறது. எட்டுக்கு நாலு ஷீட் 18 எம்.எம். ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. பத்து ஷீட் போட்டால் 350. அதே 12 எம்.எம். என்றால் ஷீட்டுக்கு 23 கிலோதான். கதவுக்கும் தடுப்புக்கும் 9 எம்.எம். கூடப் போதும், படுக்கையின் சட்டத்தை அலுமினியம் செக்ஷனில் செய்யுங்கள். கிரானைட் மேடை கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வண்டி எடுத்த அன்றே காலியாக எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் உங்கள் சொத்து. அதற்குள் மரம், தண்ணீர் (லிட்டருக்கு ஒரு கிலோ), பேட்டரி, சிலிண்டர், மனிதர்கள், மாமியார் கொடுத்தனுப்பும் அரிசி மூட்டை வரை அடங்க வேண்டும்.

மொத்தம் மட்டுமல்ல, எந்தப் பக்கம் என்பதும் கணக்கு. என் முதல் வண்டியில் நான் செய்த தப்பு இது. ஸ்லைடிங் கதவு இடப்பக்கம் இருப்பதால் அடுப்படி, 100 லிட்டர் டேங்க், பேட்டரி எல்லாவற்றையும் டிரைவர் பக்கமே வைத்துவிட்டேன். டேங்க்கை நிரப்பியதும் வண்டி வலப்பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. ஸ்பிரிங் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன், சரியாகவில்லை. கடைசியில் பாதி மரவேலையைப் பிரித்து டேங்க்கைப் பின் ஆக்ஸிலுக்கு மேலே நடுவில் கொண்டுவந்தேன். கூலி முழுக்க என் தலையில்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா: எனக்கு 65 வயது, முட்டிவலி. ஏறி இறங்குவது எதில் சுலபம்?

விங்கர்தான் அம்மா. அது முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி, அடியில் நீளமான ஷாஃப்ட் ஓடுவதில்லை. அதனால் தளம் தாழ்வு. டிராவலரில் பின்சக்கரம் தள்ளுகிறது, தளம் உயரம், கட்டாயம் ஒரு படி வைத்துத் தர வேண்டும். எதுவானாலும் கதவின் உள்பக்கம் நல்ல கைப்பிடி ஒன்று கேட்டு வாங்குங்கள். படுக்கையும் நாற்காலி உயரத்தில் இருக்கட்டும். அடியில் பெட்டி வைக்க இடம் வரும் என்று சொல்லி உயர்த்துவார்கள், சம்மதிக்காதீர்கள்.

விங்கரில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பின்னால் பாரம் அதிகமாகி மலையேறும்போது முன்சக்கரத்தின் பிடி குறையும், ஈரமான மண்பாதையில் சுற்றும். தார் ரோடு வரை கவலை இல்லை.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்: ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட வேண்டும். சோலார் போட்டால் போதுமா?

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 600 வாட் இழுக்கிறது என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பதே 2.56 யூனிட்தான். அப்படி இரண்டு வேண்டும், அதுவும் காலையில் காலியாகிவிடும். கூரையில் 400 வாட் பேனல் போட்டால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கிடைக்கலாம். ஃபேன், விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு அது தாராளம். ஏ.சி.க்கு ஆகாது. தங்குமிடத்தில் கரண்ட் வாங்கிக்கொள்ள வெளியே ஒரு பிளக் பாயின்ட் வையுங்கள், ஏ.சி. அதில் மட்டும் ஓடட்டும்.

இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக்கொண்டு தூங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்ததுதான் காரணம். அதற்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியாது. நான் கட்டும் வண்டியில் ஜெனரேட்டருக்கு இடம் விடுவதில்லை. அதனால் போன வாடிக்கையாளர் போகட்டும்.

வண்டியின் நிறம்? வெள்ளை. வேறு பேச்சே வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: வணக்கம் அண்ணா. இங்கை டொல்பின், கேடிஎச் வான்தான் கிடைக்கும். அதிலை செய்யலாமோ?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. இரண்டுமே டொயோட்டா ஹையேஸ்தான், இன்ஜின் நல்ல உழைப்பாளி. ஆனால் அளவைப் பாருங்கள். கேடிஎச் சாதாரண மாடல் அகலம் 1,695 மி.மீ., உயரம் 1,980. தரையிலிருந்து கூரை உச்சி வரை அவ்வளவுதான் என்றால் உள்ளே நிமிர்ந்து நிற்க வழியில்லை. நீளவாக்கில் படுக்கை போட்டு, அடுப்பைப் பின்கதவுப் பக்கம் இழுப்பறையாக வைத்து, சமையலை வெளியே நின்று செய்யுங்கள். மேலே தூக்கும் பின்கதவே மழைக்குக் கூரையாகிவிடும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் நீளப் பயணம் முடிந்து நிறுத்தினாலும் முன்பக்கம் சூடு நிற்கும், தலையைப் பின்பக்கம் வைத்துப் படுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் டிராவலர் வருகிறது. எடுக்கலாமா?

ஆசைப்படத்தக்க வண்டிதான். ஹை ரூஃப், கேபின் தடுப்பு, ஒயரிங் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஆர்.சி.யில் ஆம்புலன்ஸ் என்று இருக்கும், அதை மாற்றித் தருவார்களா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பதிவாகி எத்தனை வருடம் என்றும் பாருங்கள். 15 வருடத்தை நெருங்கிய வண்டிக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு உள்வேலை செய்வது, இடியப்போகிற வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போல.

போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோங்கள். தரை வினைலின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள தகட்டைக் குத்திப் பாருங்கள். ஆம்புலன்ஸ் தரையைத் தினமும் கழுவியிருப்பார்கள், தண்ணீர் நின்ற இடத்தில் துரு இருக்கும். சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, கூரையில் சைரன் விளக்கு கழற்றிய ஓட்டை, இதையெல்லாம் பார்த்தபிறகு இன்ஜின் பக்கம் போகலாம். இன்ஜினைச் செய்ய ஊருக்கு ஊர் மெக்கானிக் இருக்கிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து இரண்டு கல்லூரி மாணவர்கள்: கையில் பழைய மாருதி ஈகோதான் இருக்கிறது அண்ணே. சிரிக்காதீர்கள்.

ஏன் சிரிக்கப் போகிறேன்? இந்தப் பட்டியலிலேயே வளைவில் அழகாகத் திரும்பும் வண்டி உங்களுடையதுதான், வீல்பேஸ் 2,350. ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். பின் சீட்டின் முதுகை மடித்தபின் மிஞ்சும் இடத்தை அளந்து, அதற்குள் உட்காரும் 9 எம்.எம். பிளைவுட் பெட்டி ஒன்று செய்யுங்கள். பெட்டியின் மூடி விரிந்தால் படுக்கை, பின்பக்கம் இழுத்தால் அடுப்பு. திங்கட்கிழமை பெட்டியை இரண்டு பேராகத் தூக்கி இறக்கிவிட்டால் வண்டி பழையபடி ஈகோ. சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள மாடல் என்றால் மட்டும் பெட்டி பாதியாகிவிடும், அப்போது எனக்கு அளவு அனுப்புங்கள், வேறு மாதிரி வரைந்து தருகிறேன்.