பிரேசில் கால்பந்து அணியின் துங்கா பயிற்சியாளராகத் தோற்றவர்தானா?

ஆம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. 1990 உலகக் கோப்பையில் பிரேசில் அர்ஜென்டினாவிடம் தோற்று வெளியேறியபோது, அழகற்ற தற்காப்பு ஆட்டத்துக்கே ‘துங்கா காலம்’ என்று பெயர் வைத்துப் பழித்தார்கள். அதே நடுக்கள வீரர்தான் 1994இல் அணித்தலைவராக, இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் பெனால்டி சுற்றில் தாமும் ஒரு கோல் அடித்து, கோப்பையை ஏந்தினார். பயிற்சியாளர் அனுபவமே இல்லாமல் 2006இல் தேசிய அணியின் பொறுப்பேற்றவர், 2007இல் தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோப்பா அமெரிக்காவையும் 2009இல் கண்ட வெற்றியாளர்கள் மோதிய கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையையும் வென்று தந்தார். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில், பிரேசில் முதலில் கோல் அடித்தும் நெதர்லாந்திடம் 2-1 எனத் தோற்றதே அவர் பதவியைப் பறித்தது. நட்சத்திர வீரர் ரொனால்டினோவையும் இளம் நெய்மாரையும் அவர் அணியில் சேர்க்காததை இரசிகர்கள் மன்னிக்கவில்லை (வென்றிருந்தால் அதையே கண்டிப்பு என்று புகழ்ந்திருப்பார்கள்). 2014இல் கிடைத்த மறுவாய்ப்பு, 2016 கோப்பா அமெரிக்காவின் முதல் சுற்றில் பெருவிடம் தோற்றதுடன் முடிந்தது.