ஆச்சியைக் கேளுங்கள்: வாளி இறைக்கத் தெரியுமா?

கேள்வி: ஆச்சி, பதினைந்து வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் வந்திருக்கிறேன். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, இருப்பவர்களும் வயதானவர்கள். புயல், நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் போவது, 2020 மாதிரி இன்னொரு ஊரடங்கு என்று யோசித்து அரிசி, பருப்பு, இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கிவிட்டேன். இன்னும் என்ன வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் தங்கச்சி. பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது என்னவோ வேதாரண்யம் பக்கம்தான், ஆனால் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற என் சின்னம்மா வீட்டுக்குக் கரண்ட் திரும்ப இரண்டு வாரம் ஆனது. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியோடு சரி. வீட்டுக்குள்ளேயே கிணறு, தண்ணீரும் கிடக்கிறது, ஆனால் மோட்டார் போட்ட அன்றைக்கே கப்பியையும் கயிற்றையும் கழற்றிப் பரணில் போட்டிருந்தார்கள். தேடி எடுத்து மாட்டினால், இன்ஜினீயரிங் படித்த பேரனுக்கு இறைக்கத் தெரியவில்லை. வாளி தண்ணீர் மேல் மிதக்கும், கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால்தான் சாய்ந்து நிரம்பும். அவன் வெட்டிய வெட்டில் முடிச்சு அவிழ்ந்து வாளி உள்ளே போய்விட்டது. கிணற்றில் விழுந்ததை மாட்டி எடுக்கிற பாதாளக் கரண்டி இருந்தது மூன்றாவது வீட்டில், அதைப் போட்டுத் துழாவத் தெரிந்ததும் அந்த வீட்டு எழுபது வயது அம்மாவுக்கு மட்டும்தான். ஏதோ சாக்கடைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. யார் போய்க் கூப்பிடுவது என்று முடிவு செய்யவே அரை நாள் ஆனதாம்!

அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். நகரத்தார் (செட்டியார்) கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புள்ளி என்று கணக்கு வைக்கிறார்கள் இல்லையா, அது மாதிரி தெருவுக்கு ஒரு கணக்கு. ஆனால் ஒரு விஷயம், செட்டியார் வீடுகளை மட்டும் எழுதினால் அந்த நோட்டால் பிரயோஜனமே இல்லை. பூட்டிய வீட்டுக்குக் காவல் இருக்கிற பெரியவர், சமையலுக்கு வருகிறவர், கொத்தனார், பால்காரர், இவர்கள்தான் எந்தப் புயலிலும் ஊரில் இருப்பவர்கள். யாருக்கு மரம் அறுக்கத் தெரியும், யார் வயரிங் பார்ப்பார், யார் வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள், பூட்டிய வீட்டுச் சாவி யாரிடம், எல்லாம் அதில் வரட்டும். உங்களுக்கு என்ன தெரியும் என்பதையும் எழுதுங்கள். வெறும் பட்டியல் கேட்டுக்கொண்டு போனால் சென்சஸ்காரர் என்று நினைப்பார்கள்.

கேள்வி: முதலுதவி வகுப்பு என்று எங்கள் ஊரில் அறிவித்தோம், மூன்று பேர்தான் வந்தார்கள். என்ன செய்வது?

பதில்: வகுப்பு என்றால் யார் வருவார்? பங்குனியில் நாலு வீடு சேர்ந்து வடகம் பிழியும்போது கிராம செவிலியரை அங்கே அழைத்து வாருங்கள். கை வேலையில் இருக்கும், காது சும்மாதானே இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பதை அங்கேயே கரைத்துக் குடித்துப் பார்த்தால் மறக்காது (கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் உப்பு கூடிவிட்டது, கொட்டிவிட்டு வேறு கரையுங்கள்). அப்புறம் பாம்புக்கடி. பூட்டிய வீட்டுப் புதரும் செங்கல் குவியலும் இருக்கிற ஊரில் இது கட்டாயம். கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், நேரே அரசு மருத்துவமனை. 108 வரத் தாமதமானால் யார் வண்டி என்பதுகூட அந்த நோட்டில் இருக்க வேண்டும். மந்திரிப்பவரிடம் போகலாம் என்று யாராவது கிளம்பினால், நீங்கள்தான் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டும்.

கேள்வி: தெருவில் ஒருவரிடம் மட்டும் ஜெனரேட்டர் இருக்கிறது. கேட்டால் முகம் சுளிக்கிறார்.

பதில்: பின்னே, ஜெனரேட்டரையே கேட்டால் சுளிக்கத்தான் செய்வார். சாயங்காலம் ஒரு மணி நேரம் போன் சார்ஜ் போட மட்டும் கேளுங்கள், டீசலுக்குத் தெருவே காசு போடட்டும். மழையில் நனைகிறதே, முற்றம்தான் திறந்து கிடக்கிறதே என்று அதை வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கிற உள்வீட்டுக்குள்) கொண்டுவந்து மட்டும் ஓட்டிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அதில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, சுற்றி அறைகளில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி, மேலே ஒரு தகரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். தகரம் எங்கள் வீட்டிலிருந்து தருகிறோம் என்று சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால் இன்னும் நல்லது.