கேள்வி பதில்: பெட்டிக்குள்ள என்னத்தையும் எழுதுவினம்

கேள்வி (கொக்குவில் மாணவி): அண்ணை, வலைத்தளப் படிவத்தில பயனர் எழுதினதில மேற்கோள் குறியளை அழிச்சுப்போட்டு எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை குடுக்கிற மொழி) வரியில சேர்த்தால் காணாதோ?

பதில்: காணாது தங்கச்சி. எண் வாற இடத்தில மேற்கோள் குறியே தேவையில்லை; "5 ஓஆர் 1=1" (5 அல்லது 1=1, அது எப்பவும் உண்மை) எண்டு அனுப்பினால் முழு அட்டவணையும் வெளியில கொட்டும். பயனர் தந்ததையும் உங்கட கட்டளையையும் ஒரே வரியா ஒட்டினதுதான் பிழை. வினவலை முதல் தயார் செய்து, கேள்விக்குறி போட்ட இடத்துக்குத் தரவைத் தனியா அனுப்புங்கோ. டேட்டாபேஸ் அதைக் கட்டளையா எடுக்காது. அட்டவணையின்ர நிரல் (கொலம்) பெயருக்கு இது சரிவராது; அங்க அனுமதிச்ச பெயர்களின்ர பட்டியல் வையுங்கோ. 1998 இல ஃபிராக் எண்ட ஹக்கர்மாரின்ர இதழில வந்த சங்கதி இது. 2015 இலயும் பிரித்தானிய டாக்டாக் தொலைபேசி நிறுவனம் இதிலதான் விழுந்தது: 1,56,959 வாடிக்கையாளரின்ர விபரம் போச்சு, அடுத்த வருசம் 4 லட்சம் பவுண் தண்டம்.

கேள்வி (யாழ். திருநெல்வேலி, பனங்கட்டிக் கடை): ஓடர் படிவத்தைப் பிறவுசரில ஓடுற ஜாவாஸ்கிரிப்டில சோதிக்கிறம். ஆனாலும் ஒருத்தர் -3 பெட்டி ஓடர் போட்டிட்டார், மொத்த விலை குறைஞ்சு போச்சு.

பதில்: உங்கட பக்கத்தைத் திறக்காமலே அவர் அனுப்பலாம் ஐயா. பிறவுசரில செய்யிற சோதனை வாடிக்கையாளருக்கு வசதி, உங்களுக்குக் காவல் இல்லை. சேர்வரில திரும்பச் சோதியுங்கோ. விலையைப் படிவத்திலயிருந்து எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: ரியாக்ட் (பக்கம் கட்டுற ஜாவாஸ்கிரிப்ட் கருவி) பாவிச்சால் எக்ஸ்எஸ்எஸ் (ஒருத்தர் எழுதின ஸ்கிரிப்ட் மற்றவையின்ர பிறவுசரில ஓடுறது) வராதுதானே?

பதில்: எழுதினதை அப்பிடியே பக்கத்தில போடுற, "டேஞ்சரஸ்லி" எண்டு பெயர் தொடங்குற வசதியை நீங்களே தேடிப்போய்ப் பாவிக்காட்டில், பெரும்பாலும். பயனர் தாற இணைப்பு முகவரியளையும் கவனியுங்கோ.

கேள்வி (சுன்னாகம்): பெயர்ப் பெட்டியில ஆங்கில எழுத்து மட்டும் விட்டால் பாதுகாப்பு எல்லோ?

பதில்: அப்ப தமிழில ஆரும் பெயர் எழுதேலாது. ரெஜெக்ஸில (எழுத்து வடிவம் சோதிக்கிற விதி) யூனிகோட் எண்ட உலக எழுத்துப் பட்டியலின்ர "எழுத்து" வகையை விட்டாலும் "குமார்" உள்ள வராது. க, ம, ர எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாம் "குறி" வகை. ரெண்டையும் சேர்க்கவேணும்.

திரும்பவும் சுன்னாகம்: தமிழில நிரப்ப ஆர் அண்ணை வரப்போகினம்?

பதில்: என்ர அம்மா வருவா.

கேள்வி (மானிப்பாய்): அடையாள அட்டை இலக்கத்தையாவது 12 எண் எண்டு இறுக்கலாமோ?

பதில்: பழைய அட்டையில 9 எண்ணும் ஒரு எழுத்தும். அம்மாவையும் தள்ளிப்போட்டியள். அட்டை இலக்கத்தில, பிறந்தது வருசத்தின்ர எத்தினையாவது நாள் எண்ட எண் இருக்கு; பெண்களுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். 366க்கு மேல பிழையெண்டு எழுதினால் பொம்பிளையள் ஒருத்தரும் பதியேலாது.

கேள்வி: மேற்கோள் குறியை இரட்டிப்பாக்கினால்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ரியூசன் தளமொண்டில ஓட்டை தேடிப் பழகலாமோ?

பதில்: எழுத்தில அனுமதி இல்லாமல் தொடாதேங்கோ தம்பி. இலங்கையில 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கு. பழக டிவிடபிள்யூஏ எண்டு வேணுமெண்டே ஓட்டை வைச்சுச் செய்த தளம் இருக்கு, சொந்த மெசினில போடுங்கோ.

சுன்னாகம்: சரி அண்ணை, குறி வகையும் சேர்த்திட்டன், மேற்கோள் குறியையும் உள்ள வர விட்டிட்டன். இப்ப லண்டன் மருமகன் ஓ'பிரையன் பதியப்போக எஸ்கியூஎல் உடையுது.

பதில்: முதல் பதில்!